சாட்சி வரவில்லை

ஆர்வில் ட்வெய்ட்டின் உடலை வண்டியில் ஏற்றும்போது முற்றத்தில் நின்றவர்கள் நால்வர்: அவருடைய அக்கா ஆல்வினா, மகள் கார்லா, பக்கத்துப் பண்ணை ராய்ஸ், தேவாலயப் போதகர் லுண்டீன் அம்மையார். தூக்கத்திலேயே போயிருந்தார். காபிக்கு எழுப்பப் போன கார்லாதான் கண்டாள்.

அன்றைக்கென்று வாஷிங்டனிலிருந்து பிரதிநிதிகள் சபையின் விவசாயக் குழு ஊருக்கு வந்திருந்தது. பள்ளிக்கூட விளையாட்டரங்கில் விசாரணை. புதிய பண்ணை மசோதாவைப் பற்றிப் பேச வடக்கு டகோட்டாவின் இந்த மூலையிலிருந்து அழைக்கப்பட்ட ஒரே சாட்சி ஆர்வில்.

“அப்பாவுக்குப் பதிலா நான் போய்ப் பேசறேன் அத்தை.”

“செத்த வீட்டுலேருந்து மேடையேறப் போறியா? ட்வெய்ட் குடும்பம் எவன்கிட்டயும் கையேந்தினதில்ல. உங்கப்பன் ஒத்துக்கிட்டதே எனக்குப் பிடிக்கல.”

“பயிர்க் காப்பீட்டுக்கு, நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்க அறுத்ததுதான் கணக்குன்னு மசோதாவுல எழுதியிருக்கான். சின்ன வயசுலேருந்து அறுப்பு வண்டி ஓட்டறேன். அத்தனையும் அப்பா கணக்கு. அவரு போனதும் நான் ஒண்ணும் தெரியாத புதுசு. காப்பீடு கிடையாது. அது இல்லைன்னா விதைக்குக்கூட பாங்க்காரன் தரமாட்டான். நிலத்த வித்துட்டுப் போகவேண்டியதுதான்.”

ஆல்வினா சுத்தமாக இருந்த மேஜையை மறுபடி துடைத்தாள்.

தொலைபேசி அடித்தது. ஆல்வினா எடுத்தாள். குழுவின் எழுத்தர்.

“ரொம்ப வருத்தம்மா. நீங்க யாரும் சிரமப்பட வேணாம். நடவடிக்கைக் குறிப்புல வழக்கம்போலப் போட்டுடறோம்.”

“என்னன்னு?”

“சாட்சி வரவில்லைன்னு.”

ஆல்வினாவின் முதுகு நிமிர்ந்தது. “வரேன்னு சொல்லிட்டு வராத ட்வெய்ட் ஒருத்தன் பொறந்ததில்ல தம்பி. நாற்காலிய எடுக்காதீங்க.”

ரிசீவரை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தாள். “தலையச் சீவுடி.”

“கையேந்தக் கூடாதுன்னீங்களே?”

“ஏந்தாதே. மேஜைமேல வெச்சுக்கிட்டுப் பேசு.”

விளையாட்டரங்கில், அப்பாவுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கார்லா பேசினாள். மேஜையில் பேச்சு நேரத்தைக் காட்டும் பச்சை விளக்கு மஞ்சளாகி, சிவப்பானது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள்.

பின்னாலிருந்து ஆல்வினா எழுந்தாள். “நம்ம ஊர்ல சிக்னலே கிடையாது. சிவப்பப் பாத்து எதுக்குடி நிக்கிற? சொல்லி முடி.”

அரங்கம் சிரித்தது. குழுவின் தலைவி விளக்கை அணைத்தாள். “உங்க ஊர் வழக்கப்படியே ஆகட்டும். சொல்லுங்க.”

கார்லா முடித்ததும் ஓர் உறுப்பினர் கேட்டார்: “நீங்கதான் அறுத்தீங்கங்கறதுக்கு என்ன அத்தாட்சி?”

ராய்ஸ் எழுந்தார். “நான் பாத்திருக்கேன்.” அவருக்கு அடுத்தவர் எழுந்தார். பிறகு அந்த வரிசை முழுவதும். அதற்குப் பின் வரிசையும். ஆர்விலோடு வேலித் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட ஹாகன்கூட நின்றார்.

“இதைக் குறிப்புல ஏத்துங்க,” என்றாள் தலைவி. “மசோதாவுல அந்த வரியைத் திரும்பவும் எடுத்துப் பேசறோம்.”

வெளியே மேற்கில் மழைமேகம் கட்டியிருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. நல்ல சட்டையோடே போய் வண்டிகளைக் கிளப்பினார்கள். இன்னும் அறுக்காமல் நின்ற ஆர்விலின் கோதுமை வயலில் ஆறேழு அறுப்பு வண்டிகள் இறங்கின. முன்னால் போன வண்டியில் கார்லா.

பெரிய மனிதர்கள்முன் பேசவேண்டுமே என்ற பயத்திலேயே ஆர்வில் செத்துப்போனார் என்று தானியக் கிடங்கில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். முந்தின மாலை அவர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டே படுக்கப் போனார்.