குண்டனின் இடது கண்

நாய்களைக் குளிப்பாட்டி, முடிவெட்டி, நகம் நறுக்கிவிடும் கடை அவளுடையது. பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் நாய் முகங்களைக் கையில் ஏந்தியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

அன்று மதியம் அக்கா வீட்டுக்காரர் தன் நாய் குண்டனைக் கொண்டுவந்து மேஜைமேல் ஏற்றினார்.

"இடது கண்ணு செவந்திருக்கு. தூசி விழுந்திருக்கும். என் சொட்டு மருந்தையே நேத்து ரெண்டு வேளை விட்டேன். நீ குளிப்பாட்டி மட்டும் விடு."

அவள் குழாயைத் திறக்கவில்லை. கண்ணில் பூளை இல்லை. வெண்விழியில் நரம்புகள் தடித்திருந்தன. கருவிழிமேல் நீலம் பாய்ந்த மங்கல். டார்ச் அடித்தாள். வலது கண்ணின் பாப்பா சட்டென்று சுருங்கியது. இடது கண்ணில் அது அகலத் திறந்தபடியே நின்றது. கன்னத்தைத் தடவினால் சொக்கிப்போகிற குண்டன், கை பட்டதும் முனகி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மாமா, இது தூசி இல்ல. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. இப்பவே டாக்டர்கிட்ட போகணும்."

"நாளைக்கு எனக்கு லீவு. அப்ப பாத்துக்கலாமே."

"நாளைக்குப் பார்வை இருக்காது."

அவர் சிரித்தார். "சோப்பு போடறவ, ஸ்டெதஸ்கோப் மாட்டினவ மாதிரி பேசுறியே."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, குண்டனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். மாமாவும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார்.

மருத்துவர் கண் மரத்துப்போக மருந்து விட்டு, பேனா போன்ற ஒரு கருவியால் தொட்டுப் பார்த்தார். இருபத்தைந்தைத் தாண்டக் கூடாத அழுத்தம் ஐம்பத்திரண்டில் நின்றது.

"வெறும் செவப்புதானேன்னு ஒரு வாரம் கழிச்சுத்தான் நெறைய பேர் வருவாங்க. அதுக்குள்ள பார்வை போயிருக்கும். சில நேரம் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். இத யார் கண்டுபிடிச்சது?"

மாமா அவளைக் கைகாட்டினார்.

மருந்து விட்டுக் காத்திருந்தார்கள். மூன்று மணி நேரத்தில் அழுத்தம் பதினெட்டுக்கு இறங்கியது. மருத்துவர் குண்டனின் நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் மேலிருந்து விட்டார். குண்டனின் தலை பஞ்சோடு சேர்ந்து கீழே இறங்கியது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் மாமா.

இரண்டாவது பஞ்சையும் அந்தக் கண் தவறவிடவில்லை.

ஆயுள் முழுக்க சொட்டு மருந்து விட வேண்டும், வலது கண்ணையும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமா குறுக்கிட்டார்.

"இவ என் மச்சினி, டாக்டர்."

யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அவள் குனிந்து தரையில் கிடந்த பஞ்சைப் பொறுக்கினாள். முகம் முழுக்கப் பரவிவிட்ட சிரிப்பை மறைக்க அந்த அறையில் வேறு இடம் இல்லை.