உதிரும் பளிங்கு

கொழிஞ்சாம்பாறையில் பழனாத்தாள் இருந்தது கருங்கல் வீட்டில். 1973-இல் அவளுடைய ஓரகத்தி ஜானகியம்மாள் பக்கத்திலேயே, வாசலில் இரண்டு பளிங்குத் தூண்கள் நிறுத்தி வீடு கட்டினாள். ஊரே போய் அதிசயித்தது. வயிற்றெரிச்சலில் பழனாத்தாள் மட்டும் அந்தப் படி மிதிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஊருக்கு மேற்கே இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரி வந்தது. அதன் நிலக்கரிப் புகை நாள் முழுக்கத் தெருவில் கவிந்து நின்றது. மூன்று மழைக்காலத்தில் தூண்கள் பழுப்பேறி, தொட்டால் மாவாக உதிர்ந்தன. பழனாத்தாளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தன் கண்தான் பட்டுவிட்டதோ என்ற பயமும் கூடவே வந்தது.

ஜானகியம்மாள் வரவழைத்த எஞ்சினீயர் தூணைச் சுரண்டிப் பார்த்தார். "புகையில இருக்கற கந்தகம் மழைத்தண்ணியோட சேந்து திராவகமாயிருதுங்க. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லு சாதிதானுங்க, கரைஞ்சுரும். கருங்கல்லு தாங்கும்."

வேலியோரம் நின்று இதைக் கேட்ட பழனாத்தாள் அப்போதே அந்த வீட்டுக்குப் போனாள்.

ஜானகியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். "உங்க ஊட்டைப் பாத்தா பொறாமையா இருக்குதுங்க அக்கா."

"மூணு வருசத்துக்கும் மேல நானும் அப்படித்தான் வெந்துக்கிட்டிருந்தேன் கண்ணு," என்றாள் பழனாத்தாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.