நோக்கம் என்ற கட்டம்

சபை வங்கியின் நன்கொடைச் சீட்டில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் யார் எதை எழுதினாலும், மை காய்வதற்குள் அது உண்மையாக மாறிவிடும். வட்டி வாங்காமல் கடன் கொடுத்து, உறுப்பினர்களின் தர்மப் பணத்தை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அனுப்பிவந்த அந்த வங்கி புதுக் கட்டடத்துக்கு மாறிய வாரத்தில் இது தொடங்கிற்று. நகைக்கடைக்காரர் 'இறைவன் மகிமைக்காக' என்று எழுதினார். 'சம்பந்தி பார்க்கட்டும்' என்று மாறியது. தையல்காரர் 'சும்மா' என்று எழுதியது 'பசி என்னவென்று தெரியும்' ஆயிற்று. மேலாளர் மையை மாற்றினார், காகிதத்தை மாற்றினார், அச்சகத்தையே மாற்றினார். "பென்சில்ல எழுதச் சொல்லலாமா?" என்று காசாளரிடம் கேட்டார். "பென்சில் இன்னும் சீக்கிரம் மாறுது சார்." மாதத்தின் முதல் நாள், பிரார்த்தனைக்கு முன், பெயரோடு எல்லாச் சீட்டையும் உரக்கப் படித்த பிறகே பணம் போகவேண்டும் என்பது வங்கியை நிறுவியவர்கள் வைத்த விதி. ஆகவே படித்தார்கள். முதலில் சபை சிரித்தது. ஆறு மாதத்தில் சிரிப்பும் அலுத்துப்போயிற்று.

கிடங்குக்காரர் மட்டும் சீட்டு எழுத வரவில்லை. மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவின் எட்டுப் படுக்கைகளும் அவர் குடும்பத்துப் பணத்தில் ஓடின. மூன்று தலைமுறையாக யாருக்கும் தலைகுனியாத குடும்பம் அது. முதல் வருடம் முழங்கால் வலி என்றார். இரண்டாம் வருடம் கண் மங்கல் என்றார். எட்டுப் படுக்கை ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சீட்டை எழுதிப் பார்த்திருந்தார். 'குடும்ப வழக்கப்படி' என்ற சொற்கள் கண்ணெதிரே கலைந்து வேறாகக் கூடின. நான்காகக் கிழித்தார், நான்கு துண்டிலும் அதுவே முழுசாக இருந்தது.

மிச்ச மூன்றையும் மூடப்போவதாக மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்த மாதக் கடைசியில், இஸ்திரி கலையாத சட்டையோடு வங்கிக்கு வந்து, நின்றபடியே எழுதி, மை மாறும்வரை பார்த்திருந்து, சீட்டைக் காசாளரிடம் நீட்டினார்.

"ஐயா, நாளைக்கு இதை நான் சத்தமா படிக்கணும். உங்க அண்ணியும் வருவாங்க."

"தெரியும். படி."

மறுநாள் மண்டபத்தில் காசாளர், பெயரை மட்டும் விழுங்கிவிட்டு, "காய்ச்சலில் கிடந்த அண்ணனிடம் கையெழுத்து வாங்கிப் பிடுங்கிக்கொண்ட கிடங்குக்காக" என்று ஒரே மூச்சில் படித்து, அடுத்த சீட்டை எடுத்தார். கிடங்குக்காரர் எழுந்தார்.

"பேரை விட்டுட்ட. எங்க வீட்டுப் பேரு, எங்கப்பா பேரு, என் பேரு, மூணையும் சேர்த்து மறுபடி படி. யாரோ ஊர் பேர் தெரியாதவன் செஞ்ச மாதிரி இருக்கு."

காசாளர் மூன்றையும் சேர்த்துப் படித்தார். இருபத்தாறு வருடமாகக் கிடங்குக்காரரோடு பேசாத அண்ணி, மூன்றாம் வரிசையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "காய்ச்சல் நூத்தி நாலு, தம்பி. அதை விட்டுட்டீங்க."

"அதையும் போட்டுக்க," என்றார் கிடங்குக்காரர்.

காசாளர் பேனாவைத் திறப்பதற்குள் சீட்டில் அது ஏறியிருந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டு அடுத்ததைப் படித்தார். பணம் மதியத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.