மெதுவாய்ப் போன அறை

தையல்காரரின் மனைவி திரும்பிப் பார்க்க நாலு வருஷம் ஆயிற்று. காரணம், தட்டச்சு வேலைக்கு அவள் வைத்திருந்த பழைய லேப்டாப். முதலில் அது மட்டும்தான் ஆமையாக ஊர்ந்தது. அதைச் செய்த கம்பெனிக்காரன் அவளைக் கேட்காமலே புதுசு புதுசாக எதையோ அதன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். பிறகு அந்த மந்தம் அறைக்கும் தொற்றியது. ஓடுகிற மின்விசிறியின் இறக்கைகளை எண்ண முடிந்தது. ஒரு மதியம் தையல்காரர் வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட்டார். அவள் பதில் சொல்லத் திரும்பினாள். திரும்பிக்கொண்டே இருந்தாள்.

பாட்டரி எப்போதோ செத்த மிஷின், ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் திரையில் 'அணைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அணைத்தால் அவளும் சேர்ந்து அணைந்துவிடுவாள் என்று தையல்காரர் பயந்தார். எழுதியிருப்பதை நம்பிக் கெட்டவர்கள்தான் உலகத்தில் அதிகம். உள்ளே தாவிய பூனை அந்தரத்தில் நின்றதால் வேறு யாரும் போகவில்லை. அவர் தையல் மிஷினை அறை வாசலில் போட்டுக்கொண்டு, அவள் முகம் தன் பக்கம் வருவதைப் பார்த்தபடியே தைத்தார்.

ஒரு வருஷம் போனபின் அவள் தம்பி வந்தான். கணினி பழுது பார்ப்பவன். கையில் ஒரு பென் டிரைவ்.

"லினக்ஸ், மாமா. கம்பெனிக்காரன் ஏத்தினதைத் தூக்கிட்டு இதைப் போடணும். ரொம்பச் சின்னது. பழைய மிஷின் இதைத்தான் தாங்கும்."

"என்ன விலை?"

"சும்மாதான்."

"சும்மா குடுக்கிறவனை நம்பி என் பொண்டாட்டியை விடச் சொல்றியா?"

"காசு வாங்கினவன் பண்ணி வச்சதுதானே மாமா இது."

தையல்காரர் தையல் மிஷினை நிறுத்தினார். "சரி, பண்ணுடா."

லேப்டாப் சன்னலோரம் இருந்தது. தம்பி தெருவில் நின்று கம்பிக்குள் வலக்கையை விட்டான். உள்ளே போன கை மெதுவாகிவிட்டது. வெளியே நின்ற ஆள் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டான். அக்கம்பக்கத்தார் முறைவைத்துக் குடை பிடித்தார்கள், தையல்காரர் சாப்பாடு ஊட்டினார். பென் டிரைவைச் செருகவே ஒரு வருஷம் போனது. விரல் மிஷினை அணைத்தபோது தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அணையவில்லை. பழசைத் துடைத்துப் புதுசை ஏற்ற இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

ஒரு காலை, திரை வெளுத்தது. பூனை தரையில் குதித்து ஓடியது. "இதோ வர்றேங்க," என்று அவள் எழுந்து வந்தாள். தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே கண்ணைத் துடைத்தார்.

"சாப்பிடக் கூப்பிட்டுட்டு ஏன் அழுறீங்க? தலையில என்ன, சுண்ணாம்பா?"

"சுண்ணாம்புதான். நீ முதல்ல சாப்பிடு."

லேப்டாப் இப்போது பொத்தானைத் தொட்டதும் எழுந்துவிடுகிறது. இரண்டு வயது இளையவனாக இருந்த தம்பி, அக்காவுக்கு இரண்டு வயது மூத்தவனாகிவிட்டான். அறைக்குள் இருந்த வலக்கை மட்டும் இன்னும் தம்பியாகவே இருக்கிறது. அவள் "டேய்" என்கிறாள், அவன் "என்னக்கா" என்கிறான். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.