வேற கூட்டத்து நோவு

குழந்தையம்மாளுக்கு அந்த ஆஸ்பத்திரி மாடிப்படி பதினெட்டும் அத்துப்படி. ஒன்பதாவது படியில் நின்று, சேலைத் தலைப்பைச் சரி செய்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்வாள். சூலூரிலிருந்து கோயம்புத்தூருக்கு அந்த மாதத்தில் பஸ் ஏறியது அது நாலாவது தடவை. தொண்ணூற்றாறு ஐப்பசி. மழையும் விட்டபாடில்லை, அலைச்சலும் விட்டபாடில்லை.

மகன் பாலகோபால் போலீஸுக்கு ஆள் எடுக்கிற மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழுந்தான். வெயில் என்றார்கள், வெறும் வயிறு என்றார்கள். டாக்டர் நரசிம்மலு மட்டும் எக்கோ மிசினில் பார்த்துவிட்டு, இதயத்துச் சுவர் ஒரு பக்கம் இரண்டு மடங்கு தடித்திருக்கிறது என்றார். அன்றோடு ஓட்டமும் போச்சு, போலீஸ் வேலையும் போச்சு.

இன்றைக்கு அவனை வீட்டில் விட்டுவிட்டு அவளும் புருசன் நஞ்சுண்டனும் வந்திருந்தார்கள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறானா என்று டாக்டர் கேட்டார். போடுகிறான் என்றாள். பால், தயிர், ராகிக் களி எல்லாவற்றையும் அடியோடு நிறுத்திவிட்டதையும் சொன்னாள். இந்த மாத்திரை இதயத்துக்குள் கால்சியம் அதிகம் போகாமல் தடுக்கும் என்று போன தடவை டாக்டர்தானே சொன்னார்? பாலில்தான் கால்சியம் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னாளே. பத்து நாளாக வீட்டு எருமைப் பால் மொத்தமும் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் சிரித்தார். சிரிக்கவும் அலுப்பாக இருந்தது அந்த மனிதருக்கு. வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பையனுக்குப் பால் குடுங்கம்மா. குடிக்கிற பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க."

இரண்டு கைகளையும் நீட்டி, ஒரு கை விரல்களை இன்னொரு கை விரல்களுக்கு இடையே நுழைத்துக் காட்டினார். இதயத் தசைக்குள்ளே நூல் நூலாகப் புரதம் இருக்கிறது. தடித்த நூல் ஒன்று, மெலிந்த நூல் ஒன்று. தசைக்குள் கால்சியம் வந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். அது சுருங்குவது. கால்சியம் விலகினால் பிடியை விட்டுவிடும். அது விரிவது. விரிந்தால்தான் ரத்தம் வந்து நிரம்பும். இந்தப் பையனுக்கு அந்தப் புரதத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு. பிடிக்கத் தெரிகிறது, விடத் தெரியவில்லை. பிடித்துப் பிடித்துச் சுவர் தடித்துப்போச்சு.

நூல் என்றதும் நஞ்சுண்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர்.

"அந்த நூலை மாத்திப்போட முடியாதுங்களா டாக்டர்?"

"முடியாதுங்க. புடியைக் கொஞ்சம் தளர்த்தத்தான் மாத்திரை."

பிறகு டாக்டர் ஒரு தாளை எடுத்தார். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். குடும்பத்தில் சின்ன வயசில் திடீரென்று போனவர்கள் யார் யார் என்றார். நஞ்சுண்டனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குலதெய்வம் கோயிலில் பேர் சொல்கிற மாதிரி ஐந்து தலைமுறையைச் சொன்னார். அப்பனைப் பெற்ற அப்பாரு தொண்ணூற்றிரண்டு வயசில் போனது, பெரியப்பன் எண்பதிலும் கிணற்றில் இறங்கியது, ஒன்று விடவில்லை. டாக்டர் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டே போனார். எல்லாம் திடகாத்திரமான கட்டங்கள். கடைசியில் குழந்தையம்மாளுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு மேலே வெறும் தாள்.

அந்த வெறும் தாளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பக்கம் யாரும்மா?" என்றார் டாக்டர்.

நஞ்சுண்டன் முந்திக்கொண்டார். "அவ பக்கம் வேற கூட்டமுங்க, குலமே வேற. பையன் எங்க கூட்டம். அது இதுல சேராதுங்க."

"கல்யாணத்துக்குக் கூட்டம் பாருங்க, வேண்டாங்கல. இந்த நோவு கூட்டம் பாக்காதுங்க. அப்பன்கிட்ட இருந்தும் வரும், ஆத்தாகிட்ட இருந்தும் வரும்."

அப்போதுதான் குழந்தையம்மாள் வாயைத் திறந்தாள். அவள் அப்பன் நாற்பத்தோரு வயசில், தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் வேங்கடசாமி முப்பத்து மூன்று வயசில், தைப்பூசத்துக்குக் காவடியோடு சென்னிமலை படி ஏறும்போது பாதிப் படியில் சாய்ந்தான். பதினாலு வருசமாச்சு. முருகன் கூப்பிட்டுக்கொண்டான் என்று ஊரே விழுந்து கும்பிட்டது. அவளும் கும்பிட்டாள்.

டாக்டர் இரண்டு கட்டம் போட்டு இரண்டுக்கும் குறுக்கே கோடிட்டார். அவளையே மிசின் இருக்கும் அறைக்கு அனுப்பினார். அரைமணி கழித்துச் சொன்னார். அவளுக்கும் தடித்துத்தான் இருந்தது, பையன் அளவுக்கு இல்லை.

அண்ணனுக்குப் பிள்ளைகள் உண்டா என்றார். ஒரே பெண், லோகநாயகி, இருபது வயசு. அந்தப் பெண்ணைத்தான் பாலகோபாலுக்குப் பேசியிருந்தது. தை பிறந்ததும் நிச்சயம். முறைப்பெண், வேற கூட்டம், இதைவிடப் பொருத்தம் எங்கே தேட? அண்ணன் செத்த பதினாறாம் நாள் குழந்தையம்மாளே கொடுத்த வாக்கு அது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வெளிநாட்டில் ரத்தத்திலேயே இந்தக் கோளாறைத் தேடுகிறார்களாம், இங்கே அதெல்லாம் இன்னும் வரவில்லை. முதலில் பெண்ணைக் கூட்டி வாருங்கள், எக்கோ பார்ப்போம் என்றார். இரண்டு பேருக்கும் இருந்து, பிறக்கிற குழந்தைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா. ஆனா எங்க ஊட்டுப் புள்ளைன்னா நான் பயப்படுவேன்."

திரும்பும் பஸ் சிங்காநல்லூர் தாண்டியது. நீ ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கலாம் என்றார் நஞ்சுண்டன்.

"ஒம்போதாம் படில நிக்கறதை ஒவ்வொருக்காவும் பாத்தீங்கல்ல. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றாள் அவள்.

மறுநாள் தனியாகச் சென்னிமலைக்குப் போனாள். அவள் நங்கை என்று கூப்பிடும் அண்ணன் பெண்டாட்டி சுப்பாத்தாள் வாசலில் ஜமக்காளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே லோகநாயகி தறி நெய்யும் ஓசை. வீட்டுக்குள் அண்ணனின் படம், புது மாலை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் இந்த வாசலில் நின்று, சுப்பாத்தாள் கையால் திருநீறு வாங்கிக்கொண்டுதான் மலை ஏறுவார்கள். தாலி இழந்தவள் கையால் நல்ல காரியத்துக்கு முன்னால் திருநீறு வாங்குகிற ஊர் எங்கே இருக்கிறது? இவளிடம் வாங்கினார்கள். பதினாலு வருசமாக அவள் தலை நிமிர்ந்து நடந்தது அந்தத் திருநீற்றுத் தட்டால்தான். குழந்தையம்மாளுக்கு அது தெரியாதா என்ன.

காப்பி வந்தது. நிச்சயத்துக்கு எத்தனை பேர் வருவீர்கள், புடவை ஈரோட்டில் எடுப்பதா கோயம்புத்தூரிலா என்று சுப்பாத்தாள் பாட்டுக்குப் பேசினாள். காப்பி ஆறிப்போச்சு. குழந்தையம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டாக்டர் காட்டின மாதிரியே விரல்களைக் கோத்துக் காட்டினாள். இதயத்துத் தசை இப்படிப் பிடிக்கிறது, விட மாட்டேன் என்கிறது, நங்கை. என் மகனுக்கு இருக்குது. எனக்கு இருக்குது. எங்கப்பனுக்கு இருந்திருக்கோணும். அண்ணனுக்கும்.

சுப்பாத்தாள் கோத்த விரல்களைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"முருகன் கூப்டுக்கிட்டான்னு சொல்லிச் சொல்லித்தான் அம்மணி இத்தனை வருசம் ஓட்டுனேன். இப்ப வந்து அது நோவுங்கற. அதையும் எங்கிட்ட இருந்து எடுத்துக்கறதுக்கு பஸ் ஏறி வந்தயா?"

"எடுத்துக்க வரலைங்க நங்கை. லோகநாயகியை ஒருக்கா அந்த மிசின்ல பாத்துப்போடலாமுன்னுதான்."

"எம் புள்ளைக்கு ஒண்ணுமில்ல. பையனுக்குச் சீக்குன்னா வாக்கைத் திருப்பி எடுத்துக்க. எம் புருசனை எதுக்கு இழுக்கற?"

குழந்தையம்மாளுக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போகாமல், ஆறின காப்பியை எடுத்துக் குடித்தாள். உள்ளே தறி ஓசை நின்றிருந்ததை இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள். நிலைப்படியில் லோகநாயகி நின்றிருந்தாள்.

"எனக்கும் படி ஏறறப்ப நெஞ்சு அடைக்குதுங்க அத்தை. ரெண்டு வருசமாவே."

சுப்பாத்தாள் திரும்பினாள். "ஏன்டி சொல்லல?"

"அப்பாவைக் கூப்டவரு என்னையுங் கூப்படறாருன்னு நெனச்சேன். சாமி காரியம், அதை எப்படிங்க வேண்டாம்கறதுன்னு."

சுப்பாத்தாள் மகளையே பார்த்தாள். பிறகு எழுந்து, வெளியே காய்ந்த ஜமக்காளத்தை எடுத்துவந்து மடித்தாள். நாலாய் மடித்தது கோணலாக வந்தது. பிரித்து மறுபடியும் மடித்தாள். கோயம்புத்தூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை மூன்று பெண்களும் அந்தப் பதினெட்டுப் படியை ஏறினார்கள். ஒன்பதாவது படியில் குழந்தையம்மாள் நின்றாள். பக்கத்தில் லோகநாயகியும் நின்றாள். இரண்டு படி மேலே போய்விட்ட சுப்பாத்தாள் திரும்பி, இரண்டு பேரும் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்து கூட நின்றாள்.

உள்ளே டாக்டர் அதே தாளை எடுத்து வைத்திருந்தார். பெண்ணின் வட்டத்தைப் போட்டுவிட்டு, அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். கேள்வி பெண்ணைப் பார்த்துத்தான். பதில் சுப்பாத்தாளிடமிருந்து வந்தது. சொல்லும் முன் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"மலைப்படில ஏறறப்பங்க" என்றாள். "நெஞ்சுல நோவு இருந்திருக்குதுங்க டாக்டர். எங்களுக்குத் தெரியல."