தொட்டியின் இடது பக்கம்

பல் டாக்டருக்குத் தன் வீட்டில் இரண்டாவது இடம்தான். முதல் இடத்துக்காரி கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள், உப்புத் தண்ணீரில் ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருந்தாள். நுனிகள் சின்னச் சின்னச் சுத்தியல் போல இருக்கும் ஒரு பச்சைப் பவளம் அது. கல்யாணத்துக்கு முன்பே அவர் மனைவி கட்டைவிரல் அளவுத் துண்டாக வாங்கி வளர்த்தது, இப்போது ஒரு முறம் அகலத்துக்கு விரிந்திருந்தது. வீட்டில் அதற்கு 'மூத்தவள்' என்றே பெயர். எனக்கு முந்தி வந்தவள், மரியாதையாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று வருகிறவர்களிடம் டாக்டர் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் துளி பொறாமையும் உண்டு.

மனைவிக்கு நில அளவை வேலை. மலைப்பக்கம் புதிதாகச் சாலை போடுகிறார்கள் என்று அவளை முகாமுக்கு அனுப்பினார்கள். இத்தனை வருஷத்தில் தொட்டியை அவள் யார் பொறுப்பிலும் விட்டதில்லை. இந்த முறை வேறு வழியில்லாமல் புருஷனிடம் விட்டாள். மீன்களுக்குத் தீனி போட வேண்டும், தண்ணீர் குறைந்தால் தொட்டிக்குக் கீழே உள்ள வெள்ளை டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பொடியைக் கலக்கித் தெளிய வைத்து ஊற்ற வேண்டும், உள்ளே கை மட்டும் விடக் கூடாது. புதிதாக எது வந்தாலும் தனி வாளியில் சில வாரம் கிடந்த பிறகுதான் தொட்டிக்குள் போகும் என்பது அவளுடைய பழைய சட்டம். அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

டாக்டருக்கு ஓர் ஆசை வந்தது. அவள் திரும்பி வரும்போது தொட்டியில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும், அதுவும் தான் வாங்கியதாக இருக்க வேண்டும். வளர்ப்பு மீன் விற்கும் கடையில் ஒரு கல்லைப் பார்த்தார். அதன்மேல் ரோஜா நிறத்தில் சட்டைப் பித்தான் மாதிரிப் பவளங்கள் ஒட்டியிருந்தன. வாங்கி வந்து, பல்லைப் பார்க்கக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லை மேலும் கீழும் ஆராய்ந்தார். சிறு கம்பியால் தட்டிக்கூடப் பார்த்தார். சொத்தை இல்லை, சுத்தம் என்று தீர்ப்பாயிற்று. வாளியாவது, வாரமாவது என்று மூத்தவளுக்குப் பக்கத்திலேயே, தொட்டியின் இடது ஓரத்தில், கல்லை வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து அந்தக் கல்லின் பொந்திலிருந்து பழுப்பு நிறத்தில் கண்ணாடி போல ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. தலையில் மெல்லிய விரல்கள். கடல் சாமந்தி வகையில் அது ஒரு களை. வந்துவிட்டால் பாறை முழுக்கப் படரும், பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கொல்லும் என்று மனைவி எப்போதோ சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் டாக்டர் அசரவில்லை. இடுக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி எடுப்பதுதானே தினமும் அவர் செய்கிற வேலை? க்ளினிக்கிலிருந்து காறை எடுக்கும் கம்பியைக் கொண்டுவந்து, கையை விட்டு, ஒரு பொட்டு இல்லாமல் சுரண்டினார். தன் கைவேலையைத் தானே தள்ளி நின்று ரசித்தார்.

வாயில் என்றால் சுரண்டியதைத் துப்பிவிடலாம். தொட்டியில் எங்கே துப்புவது? பம்பு ஓடிக்கொண்டிருந்தது. சுரண்டிய துணுக்கெல்லாம் தண்ணீரோடு போய் ஆங்காங்கே உட்கார்ந்துகொண்டது. அந்தக் களையின் ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழுக் களையாகும் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் இடது பக்கம் முழுக்கப் பழுப்பு விரல்கள். பதறிப்போய் மறுபடி சுரண்டினார். அது இன்னும் படர்ந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மூத்தவள் சுருங்க ஆரம்பித்தாள். களைகளின் விரல் பட்ட பக்கத்தில் சதை உள்ளே இழுத்துக்கொள்ள, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மீன் கடைக்காரரைக் கேட்டால், தொட்டியைக் காலி பண்ணிப் பாறையெல்லாம் வெயிலில் காய வைக்கச் சொன்னார். மூத்தவளை எங்கே வைப்பது என்று டாக்டர் கேட்டதும், அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

இதற்கு நடுவில் தினமும் சாயங்காலம் மனைவி வீடியோவில் கூப்பிடுவாள். டாக்டர் கைப்பேசியைத் தொட்டியின் வலது பக்கமே பிடிப்பார். அங்கே மீன்கள் நீந்தின, பாறை பளிச்சென்று இருந்தது. கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் சிக்னல் சரியில்லை என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் முதல் தடவையாக நம்பி விட்டுப்போனவளிடம் எந்த வாயால் சொல்வது? முதலில் அவள் கேள்வி கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேள்வி நின்றதும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு லாரி டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு க்ளினிக்குக்கு வந்தார். பல் ஆடவில்லை, வேருக்குள்தான் சீழ். பிடுங்கி எறிந்துவிடுங்கள், தொல்லை விட்டது என்று ஒற்றைக் காலில் நின்றார். டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"பிடுங்குறது மட்டும்தான் வைத்தியமா? வேருக்குள்ள மருந்தை வெச்சு வாயை அடைச்சிட்டா, உள்ள இருக்கிற கிருமி அங்கேயே செத்துடும். பக்கத்துப் பல்லுக்கும் ஒண்ணும் ஆகாது."

சொல்லி முடித்தபோது அவர் கையில் ஊசிக்குழல் இருந்தது. அதில் இருந்தது வெள்ளைப் பசை, வெறும் சுண்ணாம்பு மருந்து. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் பயந்துபோய், ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்டார். தப்புதான், ஆனால் உங்கள் வாயில் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் வேலையைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டிக்குப் போய்விடலாம் என்றுதான் கிளம்பினார். ஊசியும் மருந்தும் சட்டைப் பையில் இருந்தன. கையை விடப் போன நேரத்தில் மூத்தவளைப் பார்த்தார். முக்கால்வாசி உள்ளே ஒடுங்கி, பயந்த பிள்ளை மாதிரி இருந்தாள். மருந்து இவள் மேல் பட்டால்? சொல்லாமல் செய்த காரியமெல்லாம் இதுவரை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது? சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, மனைவி கூப்பிடும் வரை காத்திராமல் அவரே கூப்பிட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"மூத்தவ போயிட்டாளா?" என்றாள் அவள்.

டாக்டர் கைப்பேசியை இடது பக்கம் திருப்பினார். களை மண்டிய பாறையும் அதன் நடுவே ஒடுங்கிக் கிடந்த பச்சையும் திரையில் வந்தன. அவள் உற்றுப் பார்த்தாள். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டாள், அது கைப்பேசியில் காற்றடித்தது போலக் கேட்டது.

"உயிரோட இருக்கா" என்றாள். "தினம் வலது பக்கத்தையே காட்டுனீங்களா, அவ செத்துப்போயிட்டா, சொல்ல முடியாம தவிக்கிறீங்கன்னு நெனச்சேன். கேட்டா உண்மையாயிடுமோன்னு கேக்கவும் பயமா இருந்துச்சு. கூடாரத்துல படுத்து அழுதேன் தெரியுமா? கடைசில இவ்வளவுதானா? களைதானே."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று டாக்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். கூடவே வெட்கமும் வந்தது. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள மறைத்த விஷயம், அங்கே அவளை இல்லாத சாவுக்கு அழ வைத்திருக்கிறது. மன்னித்துக்கொள் என்றார். அதை வந்து பேசிக்கொள்ளலாம், முதலில் எதைக் கொண்டு சுரண்டினீர்கள் என்று சொல்லுங்கள் என்றாள். காறைக் கம்பி என்றதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுத மூக்கோடு சிரித்தாள்.

பையிலிருந்த மருந்தைக் காட்டி, இதைக் களையின் வாயில் வைத்து அடைத்தால் என்ன என்று கேட்டார். யோசனை சரிதான் என்றாள். ஆனால் பல் மருந்தில் என்னென்ன கலந்திருக்குமோ, அது வேண்டாம். தொட்டிக்குக் கீழே இருக்கும் வெள்ளை டப்பாவைத் திறக்கச் சொன்னாள். மூத்தவளுக்கு எலும்பு வளர அவர் தினமும் கலக்கித் தெளிய வைத்து ஊற்றிய அதே பொடி. சுத்தமான சுண்ணாம்பு. தெளிந்த நீர் மூத்தவளுக்கு ஊட்டம், குழைத்த பசை களைக்கு எமன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம் என்று டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பம்பை நிறுத்துங்க முதல்ல. இன்னைக்கு நாலஞ்சு போதும், எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சா தண்ணில சுண்ணாம்புக் காரம் ஏறி மீனுக்கு ஆகாது. தொடாதீங்க, தொட்டா உள்ள ஓடிடும். தீனின்னு நெனச்சு அதுவே முழுங்கணும்."

கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்து அவள் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டர் வேலையைத் தொடங்கினார். க்ளினிக்கின் மழுங்கிய வளைந்த ஊசி இதற்கென்றே செய்தது போல இருந்தது. பசை சொட்டாக இறங்கியது. பழுப்பு விரல்கள் அதை ஆசையோடு வாரி வாயில் போட்டுக்கொண்டு மூடின. மூடியது மறுபடி திறக்கவில்லை. மூத்தவள்மேல் ஒரு துளி படவில்லை. பல்லாயிரம் வாய்க்குள் வேலை பார்த்த கை அது.

அதன் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் களை ஒழிந்தது. அவள் கூப்பிட்டதும் அவர் முதலில் காட்டியது இடது பக்கத்தைத்தான். ஒருநாள் காலையில் தொட்டி விளக்கு எரிந்ததும், ஒடுங்கியிருந்த பச்சை நுனி ஒன்று மெல்ல வெளியே நீண்டு ஆடியது. டாக்டர் அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்தார். அன்றைக்கு முதல் நோயாளி கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

முகாம் முடிந்து அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். மூத்தவள் முழுக்க விரிந்திருந்தாள். வெள்ளை எலும்பு தெரிந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன வடு. ரோஜாப் பித்தான்கள் பக்கத்து வாளியில், காலம் தாழ்ந்து, தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இளையவள் என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டாள்.

பாறையின் இடுக்கில் ஒரே ஒரு பழுப்புத் தண்டு இன்னும் நின்றது. இதை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டாள்.

"நீ கண்ணால பாக்கணும்னுதான்" என்றார் டாக்டர். "கெட்டது எதையும் உனக்குக் காட்டாம முடிச்சிட்டேன்னு இருக்கக் கூடாது."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மேசைமேல் தயாராக இருந்த ஊசியை எடுத்தாள். தானே போடப் போகிறாள் என்று டாக்டர் விலகி நின்றார். அவளோ அவருடைய சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, ஊசியை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே போடுங்க. என் கைக்கு இவ்வளவு நிதானம் கிடையாது."

அவள் சொல்லாமலே அவர் முதலில் பம்பை நிறுத்தினார்.