வராத மிஸ்டு கால்

மிஸ்டு காலுக்குக் காசு கிடையாது. அதனால்தான் ஆற்றோரத்துக் குடிசைக்காரர்கள் அதை நம்பினார்கள். இடிக்கிற வண்டி வந்தால் பொன்மணி தன் புருஷன் துரைராஜுக்கு ஒரு ரிங் விடவேண்டும். தி.நகர் ஜவுளிக்கடைகளில் மூட்டை இறக்கும் ஆம்பளைகள் அத்தனை பேரும் அவரோடு ஓடிவந்து, வக்கீல் கோர்ட்டில் தடை வாங்கும்வரை வண்டியை மறிப்பார்கள். யோசனை சொன்னவன் அவள் அண்ணன் மகன் கதிரேசன். "எங்க கம்பெனி டவரு அத்தை. புயலுக்கே அசையல" என்று பெருமை வேறு.

செல்போன் கம்பெனியின் அடையாறு ஆபீஸில் அந்த வட்டார டவர்களைக் கவனிக்கிறவன் அவன்தான். முதலாளிகள் சிங்கப்பூரில். போன வாரம் ஒரு காலையில் மேனேஜர் சக்திவேல் வந்து, அரசாங்க உத்தரவு, ஆற்றோரத்து டவரை மத்தியானம்வரை நிறுத்து என்றார்.

"எதுக்கு சார்?"

"டவரு நம்மளுது, லைசென்ஸு அவங்களுது. சிங்கப்பூரே கேக்கல, நீ கேக்கிறியா?"

எதற்கென்று கதிரேசனுக்குத் தெரியும். தெரிந்தேதான் நிறுத்தினான். வேலை போய்விடுமென்ற பயம், வேறொன்றுமில்லை. காரணம் என்ற இடத்தில் 'பராமரிப்புப் பணி' என்று பதிந்தான். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா? அரசாங்கத்தைத் திட்டுகிறவர்கள் ஊசியையும் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, குடிசைகளை இடித்தபின் பெரும்பாக்கத்தில் அந்த ஜனங்களைக் கொண்டுபோய்த் தள்ளிய அடுக்குமாடிக்குப் போனான். துரைராஜ் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"வா மாப்ள. உங்கத்தைய கேளு. ஒரு மிஸ்டு கால் குடுக்கத் துப்பு இல்ல. மொத்த குடிசையும் இவளாலதான் போச்சு."

பொன்மணி தலைநிமிரவில்லை. "அல்லாரும் சட்டி பானைய வாரிக்கினு இருந்தாங்கோ. நான் போனைத்தான் அமுக்கிக்கினு இருந்தேன் நைனா. எங்கியோ தப்பா அமுக்கிட்டேன் போல கீது. இப்ப ஒருத்தியும் என்கிட்ட பேசறதில்ல."

நான்தான் நிறுத்தினேன் என்று சொல்லத்தான் கதிரேசன் வந்திருந்தான்.

"டவர்ல ரிப்பேரு அத்தை. உன் மேல தப்பு இல்ல."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவனுக்குக் கூசியது. அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, வரிசையாகக் கதவுகளைத் தட்டினாள்.

"என் அண்ணன் புள்ள வந்துகீறான் பாரு. டவரு ஆபீஸ்ல கீறான், பொய் சொல்ல மாட்டான். நீயே சொல்லு நைனா!"

கதிரேசன் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னான்.